பண்டார் தெங்காராவில் எழுதப்பட்ட அமெரிக்கத் தேர்தல்

நவம்பர் முதல் வாரம். தீபாவளி முறுக்கு டப்பாவின் அடியில் தூள் மட்டும் மிஞ்சியிருந்த நேரம். அமெரிக்க அதிபர் தேர்தலைப் பார்ப்பதற்காக விடுப்பு எடுத்துக்கொண்டு பண்டார் தெங்காராவுக்குப் போனேன். அமெரிக்காவுக்கே போயிருக்கலாமே என்று வேலையிடத்தில் கேட்டார்கள். போயிருக்கலாம். ஆனால் அங்கே இருப்பவர்களுக்கே முடிவு தெரியாமல்தான் இருந்தது.

காரணம் இதுதான். ஒரு மாதமாக என் கைப்பேசி முழுக்க விழுக்காடுகள். ஒரு நிபுணர் ஒருவருக்கு ஐம்பத்திரண்டு என்பார். அடுத்தவர் அதே ஆளுக்கு நாற்பத்தெட்டு என்பார். இருவரும் கணினியில் பல்லாயிரம் முறை தேர்தலை நடத்திப் பார்த்ததாகச் சொல்வார்கள். ஒரு காசைச் சுண்டிப் பார்த்ததற்கு மேல் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதை இவ்வளவு கௌரவமாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அப்போதுதான் உடன் வேலை செய்யும் சரவணன் சொன்னான். அவனுடைய சொந்த ஊர் பண்டார் தெங்காரா. "எங்க ஊர்ல கதிரேசன்னு ஒரு அண்ணன் இருக்காரு. செம்பனை ஆலையில கிரேடர். லாரியில வர்ற குலையப் பாத்து எவ்ளோ எண்ணெய் வரும்னு சொல்ற வேலை. அதே மாதிரி அமெரிக்காவையும் பாத்துச் சொல்வாரு. மாமாக் கடை பலகையில எழுதிப் போடுவாரு. மூணு தேர்தலா தப்பல."

மூன்று தேர்தலாகத் தப்பாத நிபுணர் நம் ஜொகூர் மாநிலத்திலேயே இருக்கும்போது நான் ஏன் வெளிநாட்டுச் சரக்கை வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. கிளம்பிவிட்டேன்.

பயண விவரம் கேட்பவர்களுக்கு: தெப்ராவில் என் வீட்டு வாசலிலிருந்து பண்டார் தெங்காரா அறுபத்தெட்டு கிலோமீட்டர். என் கார் பட்டறையில் இருந்ததால் செயலியில் கார் பிடித்தேன். கட்டணம் தொண்ணூற்றிரண்டு ரிங்கிட். செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு ஏறி இரண்டு இருபத்தைந்துக்கு இறங்கினேன். கூலாயைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனைதான். முன்னால் எப்போதும் குலை ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருக்கும். அதை முந்தினால் அதற்கு முன்னால் இன்னொன்று.

ஓட்டுநர் குமரனுக்கு முப்பது வயதிருக்கும். ஏறியதிலிருந்தே கவலைப்பட்டார்.

"அண்ணே, அங்கேருந்து திரும்பி வர ஆளே கிடைக்காதுண்ணே. என்ன விசேஷம், கல்யாணமா?"

"அமெரிக்கத் தேர்தல்."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அது இங்கேயா நடக்குது?"

"இல்லை. முடிவு மட்டும்."

ஒரு கிலோமீட்டர் தாண்டியது. பிறகு ஸ்டீயரிங்கைத் தட்டினார். "அலாமாக், கிரேடர் அண்ணனப் பாக்கப் போறீங்களா! மொதல்லயே சொல்லக்கூடாதா லா? எங்கம்மா ஊரு அதுதான். நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன்." கடை வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார். பத்து ரிங்கிட் கூடக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். பெருமிதம் வேறு, பெட்ரோல் வேறு.

மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, ஜமால் பாயுடையது. தாத்தா ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து வந்தவர். பேரனுக்கு ஊர் பண்டார் தெங்காராதான். சுவரில் பெரிய தொலைக்காட்சி, அதன் கீழே பச்சை வர்ணம் அடித்த பலகை. இடது பாதியில் 'இன்று: மீன் தலைக் கறி' என்று எழுதியிருந்தது. வலது பாதியில், பத்துக்கு எத்தனை வாய்ப்பு என்று இரண்டே எண்கள். வெள்ளைச் சுண்ணக்கட்டியில் நாலு. மஞ்சள் சுண்ணக்கட்டியில் ஆறு.

"வேட்பாளர் பேர் எங்கே பாய்?" என்றேன்.

"பேர் எழுதக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன் தம்பி. பேர் போட்டா சண்டை வரும். கட்சி நிறம் போட்டா நம்மூர்க் கட்சின்னு நெனச்சுக்குவாங்க. அதான் சாக்பீஸ் கலரு. ஒருத்தர் வெள்ளை, ஒருத்தர் மஞ்சள். யார் எதுன்னு கடைக்கு வர்றவங்களுக்குத் தெரியும்."

எனக்கும் சொன்னார். இங்கே எழுதப் போவதில்லை. இந்த ப்ளாக்கின் கருத்துப் பெட்டியில் சண்டை வந்தால் துடைப்பவன் நான்தான்.

பலகையைப் பற்றி ஊரில் கருத்து வேறுபாடு இருந்தது. பக்கத்து மேசையில் இருந்த ஒருவர், மஞ்சளுக்கு நூற்றுக்கு அறுபது ஓட்டு கிடைக்கும் என்று புரிந்துவைத்திருந்தார். இன்னொருவர் அது மதிப்பெண் என்றார். "வெள்ளையும் பாஸ்தான் லா. நாப்பதுதானே பாஸ் மார்க்கு." நான் படித்த நிபுணர்களின் வாசகர்கள் பலரும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். இவர்கள் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

நாலு இருபதுக்குக் கதிரேசன் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, ஒல்லி, தலையில் மஞ்சள் ஹெல்மெட். அதைக் கழற்றி நாற்காலியில் வைத்தால்தான் அவருக்குப் பேச்சு வரும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. வெளியே தேநீருக்காக நின்றிருந்த லாரி அருகே கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, இந்த லாரியில எத்தனை குலை பழம்?"

மேலே தெரிந்ததெல்லாம் சிவப்பாக இருந்தது. எல்லாம் பழம் என்றேன்.

"அப்படித்தான் அடுக்கியிருக்கான். நெறத்தப் பாக்காதீங்க. குலையில பழம் உதிர்ந்த குழி இருக்கா பாருங்க. பத்துக் குழி இருந்தா பழுத்த குலை. அதுக்குக் கொறைஞ்சா செங்காய். ஒண்ணுமே இல்லன்னா பச்சை. எவ்ளோ செவப்பா இருந்தாலும் பச்சைதான்."

அமெரிக்காவையும் இப்படித்தான் பார்க்கிறார். யார் யாருக்குப் போடுவார்கள் என்று கேட்பதே இல்லை. ஏற்கெனவே உதிர்ந்தவர்களை மட்டும் எண்ணுகிறார்: போன முறை ஒரு பக்கம் நின்று, இந்த முறை அந்தப் பக்கத்தை விட்டு விழுந்தவர்களை. அதற்கு ஐந்து மாநிலங்களில் ஐந்து பேர் வைத்திருக்கிறார். எல்லாரும் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள். ஒருத்தி மிச்சிகனில் தாதி, ஒருவன் பென்சில்வேனியாவில் குளிர்சாதனம் பழுது பார்க்கிறான். மாதம் ஒருமுறை அவர்கள் அனுப்புவது கருத்து அல்ல, செய்தி. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நட்டிருந்த கட்சிப் பலகையைப் பிடுங்கிவிட்டார். மருத்துவமனைக் காவலாளி இரண்டு வருடமாக மாட்டியிருந்த கட்சித் தொப்பியை மாட்டுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு குழி.

"அங்க போன் பண்ணிக் கேக்குறாங்களே அண்ணே, கருத்துக்கணிப்பு?"

"அது கொக்கியால குலையக் குத்துற மாதிரி. குத்துனா உதிரத்தான் செய்யும். குத்தி உதிர்ந்தத எண்ணக்கூடாது. எங்க ஆலையில அது மொதப் பாடம்."

கணிப்புக் கலையைப் பற்றி நான் ஒரு மாதம் படித்ததில் இவ்வளவு தெளிவான ஒரு வரி கிடைக்கவில்லை. அதை எழுதியவர்கள் யாரும் கதிரேசனைப் போல இருபத்தேழு வருடம் வெயிலில் நின்று குலை பார்த்ததில்லை.

அன்று இரவு கடைத்தெருவில் இருக்கும் சிறிய விடுதியில் தங்கினேன். எண்பது ரிங்கிட், காலை உணவு கிடையாது, அது தேவையும் இல்லை.

அமெரிக்கத் தேர்தலைப் பார்க்க உலகத்திலேயே வசதியான இடம் நம் பகுதிதான் என்பது என் கருத்து. அங்கே செவ்வாய் மாலை வாக்குப்பதிவு முடியும்போது இங்கே புதன் காலை எட்டு மணி. அவர்கள் கண்விழித்து வயிறு எரிந்து பார்ப்பதை நாம் பசியாறிக்கொண்டே பார்க்கலாம். ஏழரைக்கே கடை நிரம்பிவிட்டது. ரொட்டி சானாய் ஒன்று அறுபது, தே தாரிக் எனும் ஆற்றிய பால் தேநீர் இரண்டு ரிங்கிட். ஒவ்வொரு மாநிலம் அறிவிக்கப்படும்போதும் ஆரவாரம். அந்த மாநிலம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி எழவே இல்லை. அங்கே யாருடைய மகள் இருக்கிறாள் என்பதுதான் கேள்வி.

மதியத்துக்குப் பிறகு மஞ்சள் வென்றது. கதிரேசன் அன்று விடுப்பு. ஹெல்மெட் இல்லாமல் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் வந்து கை குலுக்கினார்கள். "ஜெயிச்சிட்டீங்கண்ணே!" என்றார்கள். அவர் சங்கடப்பட்டார்.

"நான் ஆறுதான் எழுதினேன். பத்து லாரி இதே மாதிரி வந்தா நாலு லாரி மாறிப்போகும்னு அர்த்தம். இன்னிக்கு வெள்ளை வந்திருந்தாலும் நான் எழுதினது தப்பில்ல."

கடையின் நடுவிலிருந்து ஒரு பெரிய சிரிப்பு கேட்டது. "அப்ப நீ எந்தக் காலத்துலயும் தோக்கவே மாட்ட. நல்ல பொழப்பா இருக்கே மாப்ள!"

சிரித்தவர் தனபாலன். ஆணி, கூரைத் தகடு விற்கும் வன்பொருள் கடைக்காரர், கதிரேசனின் மனைவி லலிதாவுக்குச் சொந்த அண்ணன். அவரைப் பற்றி மட்டும் அல்ல, வரப்போகும் சனிக்கிழமையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அன்று ஊர் அம்மன் கோயிலின் ஆண்டுக் கூட்டம். தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் தனபாலன். மற்றவர் பன்னிரண்டு வருடம் செயலாளராக இருந்த கதிரேசன்.

வேறு எந்த வருடமாக இருந்தாலும் இது பெரிய செய்தி இல்லை. அடுத்த வருடம் கும்பாபிஷேகம். கும்பாபிஷேகம் நடந்தால் வாசலில் கருங்கல் பதிப்பார்கள். கல்லில் அந்த வருடத் தலைவரின் பெயர் வெட்டப்படும். பன்னிரண்டு வருடம் கூட்டக் குறிப்பு எழுதியவரின் பெயருக்கு அதில் இடமில்லை. அமெரிக்க அதிபருக்கு நான்கு வருடம்தான், கருங்கல் அப்படியா?

"அமெரிக்காவுக்கு எழுதுறவன் அம்மன் கோயிலுக்கு எழுத மாட்டியா?" என்றார் தனபாலன். "சனிக்கிழமைக்குப் போடு மாப்ள. எனக்கு எத்தனை, உனக்கு எத்தனை? பலகையில போடு. ஊரே பாக்கட்டும்."

சூழ்ச்சி எல்லாருக்கும் புரிந்தது. தனக்கு அதிகம் எழுதினால் ஊர் சிரிக்கும், பலகை செத்தது. குறைவாக எழுதினால் தன் ஆதரவாளர்களே வீட்டில் படுத்துக்கொள்வார்கள், கல் போச்சு. எழுதவே மறுத்தால், அமெரிக்கன் மட்டும் இளித்தவாயனா என்று கேட்பார்கள்.

கதிரேசன் தேநீரை முடித்தார். "லாரி எறங்காம கிரேட் பண்ண முடியாது மச்சான். நாளைக்குக் காலையில எழுதுறேன்."

அன்று மாலை என்னை வீட்டுக்கு அழைத்தார். போயிருக்கக் கூடாது, குடும்ப விஷயம். போனேன்; ப்ளாக் எழுதுபவன். ஆறு மணிக்கு வரவேற்பறையில் கோயில் உறுப்பினர் பட்டியலை விரித்தார். நூற்று நாற்பத்தாறு பெயர்கள். பென்சிலை எடுத்து ஒவ்வொரு பெயராகக் குறித்துக்கொண்டே போனார். பழம், செங்காய், பச்சை.

"இவன் எனக்குத்தான்னு கையப் பிடிச்சுச் சொன்னான். ஆனா அவன் வீட்டுக் கூரைத் தகடு மச்சான் கடையில எடுத்தது. பச்சை." அடுத்த பெயர். "இவரு பத்து வருஷமா என்னோட பேசுறதில்ல. கூட்டத்துல உட்காருங்கன்னு சொன்னேன், அதுலேருந்து. பச்சை."

"நீங்க செயலாளரா நல்லாத்தானே செஞ்சிருக்கீங்க அண்ணே?"

"நல்லா செஞ்சதுதான் பிரச்சினை. எல்லாரையும் ஒரு தடவையாவது விதிமுறை சொல்லி உட்கார வச்சிருக்கேன்."

லலிதா அண்ணி தேநீரும் மிச்சத் தீபாவளிப் பலகாரமும் கொண்டுவந்து வைத்தார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறார். முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் குரல். அந்தக் குரலை என்னிடம் மட்டும் தாழ்த்திப் பேசினார்.

"ஆலையில பேட்ஜ்ல பேரு. கூட்டக் குறிப்புல கீழ சின்னதா கையெழுத்து. ஒரே ஒரு தடவை கல்லுல இருந்தா என்ன தம்பி? கும்பாபிஷேகத்துக்குன்னு புடவைகூட எடுத்து வச்சிட்டேன். இந்த மனுஷன் அந்தப் பலகையில தனக்கே சூனியம் வைக்கப் போறாரு."

"உண்மைய எழுதுறது சூனியமா?" என்றார் கதிரேசன் நிமிராமல்.

நூற்றுப் பதினொன்றாவது பெயரில் பென்சில் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். லலிதா கதிரேசன்.

அண்ணி சமையலறைக்குள் போயிருந்தார். ஆனால் பென்சில் நின்ற சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். "என் பேரு வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"என்ன போட்டீங்க?"

"அஞ்சு."

"பத்துக்கா?"

"பத்துக்கு. ஒரு பக்கம் அண்ணன். ஒரு பக்கம் நான்."

"சரி" என்றார். பாத்திரம் ஒன்று தேவைக்கு மேல் சத்தமாக வைக்கப்பட்டது. நான் கடிகாரத்தைப் பார்த்து, விடுதிக்குப் போக நேரமாகிவிட்டது என்று சொன்னேன். மணி ஏழேகால்.

வியாழன் காலை ஆறு நாற்பதுக்கு, வேலைக்குப் போகும் வழியில், ஹெல்மெட்டோடு வந்தார். ஜமால் பாய் அமெரிக்காவைத் துடைத்து வைத்திருந்தார். கதிரேசன் எழுதினார்: தனபாலன் ஏழு. கதிரேசன் மூணு.

கையைத் தட்டிவிட்டு ஆலைக்குப் போய்விட்டார். கடையில் பத்து பேர் இருந்தோம். யாரும் சிரிக்கவில்லை. ஜமால் பாய் மட்டும், "எந்த நாட்டுலயாச்சும் ஒரு வேட்பாளர் இப்படி எழுதியிருக்கானா தம்பி? நீங்க படிச்சவரு, சொல்லுங்க" என்றார். நான் படித்தவரையில் இல்லை. உலகத் தலைவர்களின் மேடை உரைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். எந்த உரைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிந்ததில்லை. மீன் தலைக் கறிக்குப் பக்கத்தில் எழுதிய ஒரு மூணுக்கு நடந்தது.

வீடு திரும்பினேன். விடுப்பு முடிந்திருந்தது. ஆனால் சனிக்கிழமை மீண்டும் போனேன். அதே தூரம், இந்த முறை என் காரில், பெட்ரோல் இருபது ரிங்கிட்டுக்குள். ஒன்பதரைக்குக் கோயில் மண்டபம்.

வாசலிலேயே ஜமால் பாய் நின்றிருந்தார். கோயில் தேர்தலில் ஓட்டுகளை எண்ணுவது அவர்தான். அவருக்கு ஓட்டு இல்லை, சொந்தம் இல்லை, எந்தப் பக்கமும் கடன்படவில்லை. எல்லாரும் அவரிடம்தான் சாப்பிடுகிறார்கள். பல தேர்தலாக இதுதான் வழக்கம். நடுநிலையான அதிகாரியைத் தேடி நாடுகள் ஆணையம் அமைக்கின்றன. பண்டார் தெங்காரா மாமாக் கடையிலிருந்து அழைத்துவருகிறது.

"ஆட்டம் மாறிப்போச்சு தம்பி" என்றார் மெதுவாக. "பலகையப் பாத்துட்டு தனபாலன் ஆளுங்க ஜெயிச்சாச்சுன்னு நெனச்சுட்டாங்க. மழைக்காலம் வரப்போகுது, கடல் மூடுறதுக்குள்ள இறால் வாங்கலாம்னு ஒரு வேன் நெறைய மெர்சிங் போயிட்டாங்க. இந்தப் பக்கம் கதிரேசன் ஆளுங்களுக்கு ரோஷம். நடக்க முடியாதவங்களகூடக் கூட்டிட்டு வந்திருக்காங்க."

உள்ளே கதிரேசன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். தோற்றுவிடுவோமோ என்று கவலைப்படும் வேட்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். ஜெயித்துவிடுவோமோ என்று கவலைப்படுபவரை அன்றுதான் பார்த்தேன். "நான் எழுதினதே கொக்கியால குத்துனதாயிருச்சு. எழுதியிருக்கவே கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் நூற்றுப் பதினெட்டு பேர். பெண்கள் வரிசையில் லலிதா அண்ணி கடைசியாக நின்றார். முன்னால் இருந்தவர்களை ஒரு முறை, திரும்பி ஆண்கள் வரிசையை ஒரு முறை, பிள்ளைகளை எண்ணும் கண்ணால் பார்த்தார். பிறகு சீட்டை மடித்து பிஸ்கட் டின்னில் போட்டார்.

ஜமால் பாய் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து உரக்கப் படித்தார். முப்பது, முப்பது. நாற்பத்தைந்து, நாற்பத்து நாலு. தனபாலனின் சிரிப்பு நாற்பதுக்கே நின்றுவிட்டது. கைப்பேசியில் மெர்சிங் வேனை அழைத்துக்கொண்டே இருந்தார். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு. டின்னில் இரண்டு சீட்டு.

"தனபாலன்" என்றார் பாய். இன்னொன்றைப் பிரித்தார். "தனபாலன்."

அறுபது, ஐம்பத்தெட்டு. ஒரே ஒருவர் மாற்றிப் போட்டிருந்தால் சமம். சமமானால் அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். அதிலும் பத்துக்கு அஞ்சுதான், ஆனால் கல்லுக்கு அது போதும். அங்கே இருந்த அத்தனை பேரும் அந்தக் கணக்கை ஒரே நொடியில் போட்டார்கள். அத்தனை பேரும் லலிதா அண்ணியைப் பார்த்தார்கள். பிறகு வேறெங்கோ பார்த்தார்கள்.

கதிரேசன் எழுந்துபோய் மச்சானின் கையைப் பிடித்தார். தோற்றவர் முகத்தில் நிம்மதி. ஜெயித்தவர் முகத்தில் வியர்வை.

பந்தி போட்டார்கள். வாழையிலை, சாம்பார், மூன்று கறி, பாயசம். தனபாலனும் கதிரேசனும் பக்கத்துப் பக்கத்தில். அண்ணி பரிமாறிக்கொண்டு வந்தார். எதிர்வரிசையிலிருந்து ஒருவர் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: "அக்கா, உங்க ஓட்டு எங்கக்கா போச்சு?"

அண்ணி சாம்பார் வாளியைக் கீழே வைக்கவில்லை. "எங்கண்ணனுக்குத்தான் போட்டேன்."

தனபாலன் நெஞ்சை நிமிர்த்தினார். "ரத்தம்! தங்கச்சின்னா இதான்! கேட்டுக்க மாப்ள!"

"உனக்காக ஒண்ணும் போடலண்ணே. நீ சாப்பிடு" என்றார் அண்ணி. பிறகு கணவரைப் பார்த்து, அந்தப் பள்ளிக்கூடக் குரலிலேயே, மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார். "வரிசையில நின்னு பாத்தேன். நம்ம ஆளுங்க நெறைய வந்துட்டாங்க. ஜெயிச்சுத் தொலைச்சிருவீங்க போல இருந்துச்சு. மூணுன்னு எழுதிட்டு ஜெயிச்சா நாளைக்கு யாராச்சும் பலகைய மதிப்பாங்களா? கல்லுல பேரு உள்ளவங்க ஊருக்கு ஊரு இருக்காங்க. எழுதுனது தப்பாத ஆளு நீங்க ஒருத்தருதான்."

கதிரேசன் பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. "அடி... பத்துக்கு மூணுன்னா பத்துல மூணு தடவை ஜெயிக்கலாம்னுதானே அர்த்தம். ஜெயிச்சிருந்தாலும் அது தப்பில்லையே லலிதா. நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"அது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்" என்றார் அண்ணி. "டீக்கடையில உட்காந்திருக்கறவங்களுக்குத் தெரியுமா?"

கதிரேசன் யோசித்தார். பாஸ் மார்க்கு நாற்பது என்று சொன்னவர் இரண்டு இலை தள்ளி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். கதிரேசன் அவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அப்புறம் இலையை நகர்த்தி, "கொஞ்சம் சாம்பார் ஊத்து" என்றார். இருபத்தேழு வருடத்தில் இவ்வளவு நல்ல லாரி ஒன்று இறங்கியதில்லை என்பது போல இருந்தது அந்த முகம். ஊற்றிய அண்ணியின் முகமும் அதற்குக் குறைந்ததாக இல்லை.

பெரிய ஜனநாயகங்களைப் பற்றி நமக்கு அடிக்கடி வகுப்பெடுக்கிறார்கள். தோல்வியை ஒப்புக்கொள்வது எப்படி என்று கட்டுரைகள் வருகின்றன. என் மாநிலத்தில், செம்பனைக்கு நடுவில் ஒரு சின்ன ஊரில், ஒருவர் தன் தோல்வியை இரண்டு நாள் முன்னதாகவே எழுதிப் போட்டார். அவர் மனைவி வரிசையில் நின்று அதைக் காப்பாற்றினார். இதற்கு ஈடான ஒன்றை எந்த நாட்டுத் தலைநகரிலாவது யாராவது பார்த்திருந்தால் தெரிவிக்கவும். எனக்கு அவசரமில்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். செயலியில் போனால் திரும்பும் வண்டியை அதே ஓட்டுநரிடம் அங்கேயே பேசிவிடுங்கள். விடுதி எண்பது ரிங்கிட். வேலை நாளில் அறை கிடைக்கும். மாமாக் கடையில் மீன் தலைக் கறி பதினொன்றரைக்கு மேல். ஒரு மணிக்குத் தீர்ந்துவிடும். அமெரிக்கத் தேர்தல் நாலு வருடத்துக்கு ஒருமுறைதான், ஆனால் பலகையின் வலது பாதி இப்போது சும்மா இருப்பதில்லை. நான் கிளம்பும்போது பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். கதிரேசனைப் பார்க்க நாலு இருபதுக்கு மேல் போங்கள், அவர் ஹெல்மெட்டைக் கழற்றும்வரை காத்திருங்கள். வீட்டுக்கு அழைத்தால் போகலாம், நல்ல சாப்பாடு. யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று மட்டும் அந்த வீட்டில் கேட்காதீர்கள். சொல்லிவிடுவார்கள்.